மேளத்தை வெளியே வைக்கச் சொன்ன ஊர்

தோட்டத்தில் செத்துப்போன யாக்கோபின் கம்பளியை அவன் மனைவியிடம் சேர்க்கத்தான் நான் கடல் தாண்டினேன். இலங்கை மலைத் தோட்டங்களில் கம்பளி இல்லாமல் மார்கழியைத் தாண்ட முடியாது. சேலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது அதே கம்பளி செத்த ஆட்டைப் போலத் தோளில் கனத்தது. மற்றத் தோளில் என் மேளம். வேர்வை இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் ஓடியது.

நான் மலையிலேயே பிறந்தவன். என் தகப்பன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன், ஓட்டலில் மாவாட்டினேன், ஒரு வருஷம் பேக்கரி அடுப்பில் நின்றேன். எதிலும் கால் தரிக்கவில்லை. கடைசியில் தோட்டத்து ஜெபக் கூட்டத்தில் மேளக்காரனாக நின்றேன். பாட்டு சூடேறும்போது ஜனங்கள் என் கையைத்தான் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய ஊழியம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

யாக்கோபு எப்படிச் செத்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மலைக்காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொயினா மருந்து கொடுத்தார்கள். விசுவாசம் உள்ளவன் மருந்தைத் தொடமாட்டான் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தவன் நான். பிறகு, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அவன் படுத்திருந்த காம்பராவில், ஐந்து பேர் நின்றால் மூச்சு முட்டும் அந்த ஒற்றை அறையில், மூன்று நாள் பாடினோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, "அந்தச் சத்தத்த நிறுத்துங்கண்ணா, காது நோவுது" என்றான். பேசுவது யாக்கோபு அல்ல, அவனுக்குள் இருக்கும் பிசாசு என்று நான் மற்றவர்களிடம் சொன்னேன். இன்னும் பலமாக அடித்தேன். பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான்.

என்னோடு பாடிய மற்ற நால்வரும் அடுத்த ஞாயிறே வேறொரு காம்பராவில் பாடப் போய்விட்டார்கள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. யாக்கோபின் ஊருக்குப் போட்ட கடிதம் யுத்தத்தில் எங்கே மாட்டிக்கொண்டதோ, பதில் இல்லை. கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நானே முன்வந்தேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று கப்பலிலும் முடிவாகவில்லை, ரயிலிலும் முடிவாகவில்லை.

சேலத்தில் முதல் நாள் முழுவதும் பஸ் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வண்டி ஒன்று கூம்பு வைத்த பெட்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. அதற்கு எதிரே ஒரு துணிக்கடைக்காரன் தன் கிராமபோனை உச்சத்தில் வைத்திருந்தான். நடுவில் ஒருவன் பல்பொடி விற்றான். யாருக்கும் யார் சொல்வதும் கேட்கவில்லை. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. ஒரு தாயத்துக்காரன் என் மேளத்தைப் பார்த்து, என்ன விற்கிறாய் என்று தொழில்காரன் தொழில்காரனைக் கேட்பதுபோலக் கேட்டான். மேளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல்காரர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, கொயினா எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது, இன்று இல்லை, நாளைக்கும் இராது என்றார். யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எல்லோரும் போகும்வரை நான் அங்கேயே நின்றேன்.

டீக்கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எந்த ஊர், எந்தத் தெரு என்றார்கள். தெரு என்று எனக்கு ஒன்று இல்லை, லயம்தான் என்றேன். அவர்களுக்கு அது போதும். கடைக்குப் பின்னால் வரச் சொல்லி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தார்கள். மலையில் இதே சாதி பார்க்கிற கங்காணியும் நானும் ஒரே கடையில் கண்ணாடி கிளாசில் குடித்திருக்கிறோம். தூள் எங்கள் தோட்டத்துத் தூளாகக்கூட இருக்கலாம். குடித்துவிட்டுக் கொட்டாங்கச்சியைக் கழுவி வைத்தேன்.

இரண்டாம் நாள் பஸ் கிடைத்தது. பெட்ரோல் இல்லாத காலம். வண்டியின் பின்னால், கரிவாயுவில் ஓட்ட, ஒரு ஆள் உயரத்துக்குக் கரியடுப்பு கட்டியிருந்தார்கள். ஊர் எல்லையில் ஒரு சின்ன ஏற்றம் வந்ததும் வண்டி இருமி நின்றது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். எனக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாட்டப் பூட்டினாக்கூட மாட்டுக்குப் புல்லுப் போடுவாங்க. நாம டிக்கெட்டும் எடுத்துப்போட்டுத் தள்றமுங்க" என்றார். கண்டக்டர் அடுப்பைக் கிளறியபடி, "உங்களுக்கும் புல்லுப் போடச் சொல்றனுங்க, மொதல்ல ஏத்தம் ஏறட்டும்" என்றார். மூன்று இடத்தில் தள்ளினோம்.

ஆட்டையாம்பட்டியில் இறங்கி நடந்தேன். தறிச் சத்தத்தில் தெருவே அதிரும் என்று யாக்கோபு சொல்லியிருக்கிறான். எனக்குக் கேட்டது அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர், நூல் வந்து இருபது நாளாகிறது என்றார். சத்தம் இருந்தபோது தலைவலி என்று திட்டிக்கொண்டிருந்தாராம், இப்போது இந்த அமைதியில் தூக்கம் வருவதில்லையாம். தண்ணீரைக் கைக்குத்தான் ஊற்றினார்கள். கூடவே உடைந்த முறுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள்.

யாக்கோபின் ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. செம்மண், கள்ளிவேலி, கிணற்றுமேட்டில் தோல்பறி கட்டிக் கவலை இறைக்கும் மாடுகள். மலையில் தண்ணீர் தானாக வந்து காலை நனைக்கும். இங்கே அதை மாடு கட்டிப் பாதாளத்திலிருந்து இழுக்கிறார்கள். ஒரு காட்டில், அங்கே புன்செய்க்குக் காடு என்றுதான் பெயர், நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் நின்ற கவுண்டர் என் மேளத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாப்பா. நம்மூர்ல எழவுக்குப் பறையடிக்க ஆளே இல்ல. உங்காளுக சாமிய மாத்துனதும் கைக்கு நோவு வந்துருச்சு."

பெண்கள் தலை நிமிரவில்லை. நான் வேலைக்கு வரவில்லை, யாக்கோபின் மனைவி சாராளைப் பார்க்க வந்தேன் என்றேன். ஓரத்தில் இருந்த ஒருத்தி எழுந்தாள். ஒல்லியானவள், முப்பது வயது இருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பளியைப் பார்த்தாள். ஆள் வராமல் கம்பளி மட்டும் வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நான் பேச ஆரம்பித்தேன். இதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. காய்ச்சல் என்றேன், கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றேன், அந்தக் காம்பராவே மகிமையால் நிறைந்தது என்றேன். கூட்டத்தில் சாட்சி சொல்லிப் பழகிய வாய். அதற்கு ஒரு ராகம் உண்டு. அது பாட்டுக்கு ஓடியது. அவள் கையிலிருந்த கடலைச் செடியைக் கீழே போடாமல் கேட்டாள். நான் நிறுத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடேசியா என்னுங்க சொன்னாரு?"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னான்" என்றேன்.

"அப்படீங்களா" என்றாள். சற்றுப் பொறுத்து, "பத்துப் பேர் முன்னால அப்படியெல்லாம் சொல்ற ஆளில்லீங்களே அவரு" என்றாள். பிறகு உட்கார்ந்து காய் ஆய்ந்தாள். பொழுது இறங்கும் வரை எழவில்லை. எழுந்தால் அன்றைய கூலிக் கடலை கிடையாது.

அந்தச் சேரியில் பதினேழு கிறிஸ்தவக் குடும்பங்கள். கோயில் என்பது ஒரு மண்சுவர்க் கொட்டகை. சபையை நடத்தும் உபதேசியார் என்னைத் தன் மாட்டுக்கொட்டகையில் தங்கச் சொன்னார். களியும் கொள்ளுச்சாறும் கொடுத்தார். களியை மென்று தின்ற என்னைப் பார்த்து, அதை விழுங்க வேண்டும், மென்றால் களிக்கு மரியாதை இல்லை என்று சிரித்தார். மறுநாள் காலை ஜெபத்துக்கு நான் பழக்கத்தில் மேளத்தோடு போனேன். அவர் வாசலிலேயே நிறுத்தினார்.

"அத வெளிய வெச்சுட்டு வாங்க."

தாவீது ராஜா மேளத்தோடு ஆடிப்பாடவில்லையா என்று எனக்குத் தெரிந்த வேதத்தைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஒவ்வொரு இழவுக்கும் பறையடிக்க வேண்டும் என்பது கவுண்டர்கள் இவர்கள் தலையில் கட்டியிருந்த விதி. ஞானஸ்நானம் எடுத்த வருஷம் எல்லோருமாகப் பறையைக் கீழே வைத்தார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வருஷம் எந்தக் காட்டிலும் வேலை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. சாராளின் தகப்பன் கற்றாழைக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிச் செத்தார். இவ்வளவையும் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே சொன்னார். அந்தக் கோயில் கொட்டகைக்குள் தோல் கட்டிய எதுவும் வருவதில்லை என்றார். பாட்டைக்கூட அவர்கள் பக்கத்து ஆளுக்குக் கேட்கும் அளவில்தான் பாடினார்கள். எனக்கு முதலில் அது உயிரில்லாத சபையாகத் தெரிந்தது. மூன்று நாள் போனபின் அப்படித் தெரியவில்லை. சத்தத்தைக் கைவிடுவதற்கு இவர்கள் ஒரு ஆளைப் பலி கொடுத்திருக்கிறார்கள். நான் அதே சத்தத்தால் ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன்.

சேதியையும் கம்பளியையும் கொடுத்ததோடு நான் கிளம்பியிருக்கலாம். இரண்டு தரம் மூட்டை கட்டினேன். ஏன் போகவில்லை என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நானும் கடலை ஆய்ந்தேன். விரல் நுனி கிழிந்தது. சாராள் தினமும் எதிர்க் குவியலில் இருந்தாள். காட்டில் கடலை ஆயும்போது மற்றப் பெண்கள் அவளைப் பேச வைக்கப் பார்ப்பார்கள். ஒருத்தி, யாக்கோபு கல்யாணத்தன்று மாலை போட்டபோது சபை முழுக்க அந்த மெல்லிய குரலில் பாடினதற்கே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான் என்று சொல்லிச் சிரித்தாள். சாராளும் கொஞ்சம் சிரித்தாள். நான் குனிந்துகொண்டேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு சேலத்திலிருந்து பாதிரியான ஐயர் வந்து, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து கொடுப்பார். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் தன் மனதில் யாரைப்பற்றி உறுத்துகிறதோ அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "என்ற மேல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் இல்லை என்றோ, இருக்கிறது என்றோ சொல்ல வேண்டும். பிறகு அவரும் அதையே திருப்பிக் கேட்க வேண்டும். இருக்கிறது என்றால் இருவரும் மறுநாள் அப்பத்துக்கு எழுவதில்லை. சண்டை கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. மாமியார் மருமகளிடம் போவாள், அண்ணன் தம்பியிடம் போவான். ஆடு மேய்ந்த தகராறுகூட அன்று தீர்ந்துவிடும். தீராதது அடுத்த மாதத்துக்கு நிற்கும்.

என்னிடம் யார் வரப்போகிறார்கள் என்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இன்னும் இருந்தது. சாராள் வந்து மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அண்ணா, என்ற மேல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். அவ்வளவு தூரம் வந்தவருக்குத் தான் ஒரு குற்றம் செய்திருப்பதாகச் சொன்னாள். "நீங்க அன்னிக்குச் சொன்னத நான் நம்புலீங்க. காட்டுல உங்களப் பாக்கறப்பெல்லாம் பொய்க்காரருன்னு மனசுல பேசிக்கிட்டே இருந்தனுங்க. கடல் தாண்டிக் கம்பளி கொண்டாந்தவருக்கு நான் செய்யற மரியாத அதில்லீங்க. மாப்புக் குடுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாடு அசை போட்டது. இப்போது நான் கேட்க வேண்டிய முறை. கேட்டால் அவள் இல்லை என்பாள், நாளைக்கு இருவரும் போய் அப்பம் தின்னலாம். அவ்வளவு சுலபமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை கூட்டம், எத்தனை சாட்சி, எத்தனை அல்லேலூயா. எனக்கு இருந்த விசுவாசமெல்லாம் தொண்டைக்கு மேலேதான் இருந்திருக்கிறது என்று அந்த மாட்டுக்கொட்டகையில்தான் தெரிந்தது.

சொன்னேன். கொயினாப் புட்டியை, மூன்று நாளை, அவன் என் மணிக்கட்டைப் பிடித்ததை. அவன் சொன்னதைச் சொன்னேன். பிசாசு என்று நான் சொன்னதையும் சொன்னேன். இந்தத் தடவை ராகம் இல்லை. நாலு வரிக்கு மேல் வரவில்லை. கடைசியில், "தங்கச்சி, என் மேல ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அதைக் கேட்பது அநியாயம் என்று தெரியும். அங்கே வழக்கம் அது.

அவள் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். மாடு தலையை ஆட்டியும் விடவில்லை. அழவுமில்லை.

"இருக்குதுங்க" என்றாள். போய்விட்டாள்.

யுத்தத்தில் ரசத்துக்கு உலர்ந்த திராட்சை கிடைக்காததால் அந்தச் சபையில் வெல்லத்தைக் கரைத்துத்தான் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். கரைப்பவள் சாராள். ஞாயிறு காலை அதைக் கரைத்து, வடிகட்டி, மேசையில் வைத்து, வெள்ளைத்துணி போட்டு மூடிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஐயர் அழைத்தபோது எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் எழவில்லை. புருஷன் செத்த சேதி வந்த மாதத்தில் அப்பத்துக்கு வராத விதவையை ஐயர் வியப்போடு பார்த்தார். ஊர் பார்க்கவில்லை, ஊருக்கு வழக்கம் தெரியும். பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். இல்லாததை இருக்கிறது என்றும், இருப்பதை இல்லை என்றும் சொல்லி எத்தனை தரம் கை நீட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

வெளியே வந்ததும் அவளே என்னிடம் வந்தாள். "வாய்ல இல்லைன்னு சொல்லிப்போட்டு அந்த அப்பத்தைத் திங்க முடியாதுங்க. அடுத்த மாசம் வந்து கேளுங்க" என்றாள். "வராம இருந்துராதீங்க."

கடலை முடிந்ததும் அந்த ஊரில் எனக்கு வேலை இல்லை. அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் செங்கல் சூளையில் கொஞ்ச நாள் மண் மிதித்தேன். அங்கே பேச்சு கொஞ்சம் வேறு. யாரும் வர்றனுங்க, போறனுங்க என்று இழுப்பதில்லை. திருச்செங்கோட்டில் மூட்டை தூக்கினேன். மலைக்கோயில் திருவிழாவில் ஐம்பது மேளம் ஒன்றாக முழங்கின. என் விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போட்டன. கையை இடுப்பில் கட்டிய துண்டுக்குள் சொருகிக்கொண்டேன். சந்தையில் ஒரு பிரசங்கக் கூட்டம் மேளக்காரன் வேண்டும் என்றது. அவர்கள் நல்லவர்கள்தான். நான் போகவில்லை. சூளையில் மண் மிதிக்கும்போது சில நாள் ஜெபம் பண்ணுவேன். வார்த்தை வருவதில்லை. முன்பு வார்த்தை வராவிட்டால் பயந்துபோய் இன்னும் பலமாகக் கத்துவேன். இப்போது வராததை வராமல் விட்டுவிடுகிறேன்.

எங்கே இருந்தாலும் மாதாமாதம் அந்தச் சனிக்கிழமைக்கு நடந்தோ வண்டியைத் தள்ளியோ வந்து சேர்ந்தேன். இரண்டாம் மாதம் கேட்டேன். "இருக்குதுங்க." மூன்றாம் மாதம் அவளுக்கே காய்ச்சல், கயிற்றுக்கட்டிலில் யாக்கோபின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தேன். வாசலில் நின்று கேட்டேன். பல் கிட்ட, "இருக்குதுங்க" என்றாள். அந்த ஊரில் அந்தக் காய்ச்சலில் இரண்டு பேர் போனார்கள். அவள் பிழைத்தது எதனால் என்று எனக்குத் தெரியாது. அதை நான் எந்தக் கூட்டத்திலும் சாட்சியாகச் சொல்லப்போவதில்லை. நாலாம் மாதமும் அதே பதில். மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டிருந்த மேளத்தின் தோலை எலி கடித்திருந்தது. உபதேசியார் வருத்தப்பட்டார். நான் தோல் மாற்றவில்லை.

ஐந்தாம் மாதம் போனபோது அவள் வாசலில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. நான் கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே."

அவள் காத்திருந்தாள். அவன் இழுத்தபடியே, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் நானும் நிறுத்திச் சொன்னேன்: "அந்தச் சத்தத்த நிறுத்துங்கண்ணா, காது நோவுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஆமாங்க. இது அவரு பேச்சுத்தானுங்க" என்றாள். பிறகு முறத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். நான் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நின்றேன்.

"இருக்குதுங்க அண்ணா" என்றாள். "போன மாசத்தளவுக்கு இல்லீங்க."